மகன் பேஸ் கிட்டாரே போதும் என்கிறான்: ஜான் பால் ஜோன்ஸ் கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தேயிலைப்பூ, குன்னூர்

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். என் மகனுக்குப் பத்தொன்பது வயது. கோயம்புத்தூரில் பி.காம். இரண்டாம் வருஷம். நாலு பையன்கள் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் வைத்திருக்கிறார்கள். அதில் இவன் பேஸ் கிட்டார், தடித்த நாலு கம்பி வைத்துக் கீழ் ஸ்தாயியில் ஒலிக்கிற கிட்டார்.

அவன் அறையில் தோனி படம் இருந்த இடத்தில் இப்போது நாலு வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள். முன்னால் சட்டைப் பொத்தான் போடாமல் ஒருவர் பாடுகிறார். பக்கத்தில் ஒருவர் கிட்டாரைத் தொடைக்குக் கீழே தொங்கவிட்டிருக்கிறார். இவன் அந்த இரண்டு பேரையும் காட்டுவதில்லை. டிரம்ஸ் பக்கத்தில் பாதி இருட்டில் நிற்கிற ஆளைக் காட்டி, "இவர்தாம்மா ஜான் பால் ஜோன்ஸ், லெட் செப்பலின் பேஸ் பிளேயர், நானும் இவரை மாதிரி வரணும்" என்கிறான்.

போன மாதம் லீவுக்கு வந்தவன், படிப்பை நிறுத்திவிட்டு பேண்டோடு பெங்களூரு போகப் போகிறேன் என்று சொன்னான். அன்றிலிருந்து வீட்டுக்காரர் அவனோடு பேசுவதில்லை. "அவனை உப்பு எடுக்கச் சொல்லு", "உப்பு அங்கேதான் இருக்குன்னு அவர்கிட்ட சொல்லு" என்று சாப்பிடும்போது இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரியாக இருக்கிறேன்.

அந்த ஜோன்ஸ் என்பவர் உண்மையில் எப்படி வாழ்ந்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பேண்ட் கலைந்த பிறகு என்ன செய்தார்? பேஸ் கிட்டார் மட்டும் அவருக்குச் சோறு போட்டதா? மகன் சொல்வதை வைத்து என்னால் ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை. அவனுக்கு அவர் சாமி மாதிரி.

இன்னொன்று. எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. கீழ்வீட்டு அக்கா, இவன் வாசித்தால் தன் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஆடுகின்றன என்கிறார். மேலே இருக்கும் எங்களுக்கே அவ்வளவு சத்தம் தெரியவில்லை. அவர் மிகைப்படுத்துகிறாரா, அல்லது அப்படி நடக்குமா?

மேட்டுப்பாளையம் மச்சான்

அக்கா, பேஸ் பிளேயர் மேடையில் இருக்கும்போது யாருக்கும் தெரியாது, வராத அன்றைக்குத்தான் தெரியும் என்று எங்கள் காலேஜ் ட்ரூப்பில் சொல்வார்கள். எங்கள் ட்ரூப்பிலிருந்து ஒருத்தன் இப்படித்தான் பெங்களூரு போனான். இரண்டு வருஷம் ஒரு ரூமில் ஆறு பேர். இப்போது காரமடையில் மொபைல் கடை வைத்திருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான், கிட்டார் மட்டும் கடைச் சுவரில் தொங்குகிறது.

டம்ளர் ஆடுவது நிஜம். எங்கள் ட்ரூப் ரிகர்சலில் ஜன்னல் கண்ணாடியே பேசும்.

நாலுகம்பி ஐயா இந்தப் பக்கம் வருவார். அவர்தான் இதற்குச் சரியான ஆள்.

நாலுகம்பி, வெலிங்டன்

தங்கச்சி, கேள்வியைக் காலையிலேயே பார்த்தேன். இங்கே மழை, கரண்ட் இல்லை. இப்போதுதான் வந்தது. நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டம்ளர் விஷயம். கீழ்வீட்டு அக்கா பொய் சொல்லவில்லை. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் நொடிக்கு 41 தடவை அதிரும். மேல் ஸ்தாயி ஒலிகளைச் சுவர் ஓரளவு நிறுத்திவிடும், இந்தத் தாழ்ந்த ஒலியை நிறுத்தாது. ஆம்பை, அதாவது சத்தத்தைக் கூட்டித் தரும் பெட்டியை, தரையில் வைத்திருக்கிறான் அல்லவா? உங்கள் தரைதான் அவருக்குக் கூரையாக இருக்கும், அல்லது இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவராக இருக்கும். ஆம்புக்குக் கீழே தடிமனான ரப்பரோ பழைய மெத்தைத் துண்டோ போடச் சொல்லுங்கள். ராத்திரி எட்டுக்கு மேல் ஹெட்போன். அந்த அக்காவுக்கு ஒரு நாள் நல்ல டீத்தூள் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இனி அந்த இருட்டில் நிற்கிறவர். ஜான் பால் ஜோன்ஸ் என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயரே இல்லை. ஜான் பால்ட்வின் என்பதுதான் நிஜப் பெயர். பின்னால் ஒரு பாட்டு ரெக்கார்டு போட்டபோது, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேனேஜராக இருந்த ஆண்ட்ரூ ஓல்ட்ஹாம் ஒரு சினிமா போஸ்டரில் பார்த்த பெயரை இவருக்கு வைத்துவிட்டார். இரவல் பெயரிலேயே ஆயுசு முழுக்க ஓட்டிவிட்டார் மனுஷன்.

1946 ஜனவரி 3-ல், லண்டனை ஒட்டிய சிட்கப்பில் பிறந்தவர். அப்பா பியானோக்காரர், பெரிய டான்ஸ் பேண்டுகளுக்கு அரேஞ்ச்மெண்ட், அதாவது எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர். அம்மாவும் மேடைக்காரர். அவர்கள் ஊர் ஊராகச் சுற்றியதால் பையனை ஹாஸ்டல் பள்ளியில் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊட்டி பஸ் ஸ்டாண்டில் யூனிஃபார்மோடு நிற்கும் ஹாஸ்டல் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது என்ன வாழ்க்கை என்று தெரியும். 14 வயதில் உள்ளூர் சர்ச்சில் ஆர்கன் வாசித்தார், பாடகர் குழுவையும் அவரே நடத்தினார். பதினாலு வயது என்பதை உங்கள் மகனிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள்.

அந்தப் பையன் பேஸ் கிட்டார் கேட்டபோது அவருடைய அப்பா என்ன சொன்னார் தெரியுமா? இது இரண்டு வருஷத்தில் காணாமல் போய்விடும், சாக்ஸபோன் கற்றுக்கொள் என்றாராம். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லாதீர்கள். இல்லை, சொல்லுங்கள். அப்பா மேலேயும் தப்பில்லை. லியோ ஃபெண்டர் அமெரிக்காவில் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்ததே 1951-ல்தான். பத்து வயதுகூட ஆகாத ஒரு வாத்தியத்தை நம்பி யார் பிள்ளையை விடுவார்கள்?

1963 வாக்கில், பதினேழு வயதில், ஜெட் ஹாரிஸ், டோனி மீஹன் என்ற இரண்டு பேர் வைத்திருந்த குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். அந்த ஹாரிஸே பேர் பெற்ற பேஸ் பிளேயர். 1964-ல் மீஹன் சிபாரிசு செய்ய, டெக்கா கம்பெனியில் ரெக்கார்டிங் வேலை கிடைத்தது. நம் கோடம்பாக்கத்தில் வாத்தியக்காரர்கள் காலையில் ஒரு ஸ்டூடியோ, மதியம் ஒரு ஸ்டூடியோ என்று ஓடுவார்களே, அதே பிழைப்பு. யார் பாட்டு, யார் பாடுகிறார் என்றெல்லாம் கேட்க நேரமிருக்காது. பேப்பரை ஸ்டாண்டில் வைப்பார்கள், வாசிக்க வேண்டும், அடுத்தது. அப்புறம் வாசிப்பதோடு நிற்காமல் மற்றவர்கள் வாசிப்பதற்கும் இவரே எழுத ஆரம்பித்தார். டோனவன் என்ற பாடகருக்கு 1966-ல் 'மெல்லோ யெல்லோ' பாட்டுக்கு அரேஞ்ச்மெண்ட் இவருடையது. 1967-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஷீ இஸ் எ ரெயின்போ' பாட்டில் வரும் வயலின் கூட்டமும் இவர் எழுதியதுதான். மாதத்துக்கு ஐம்பது அறுபது உருப்படி எழுதி உடம்பு ஓய்ந்து போனதாகப் பிறகு சொல்லியிருக்கிறார்.

அந்த நிலையில்தான் கிட்டார்காரர் ஜிம்மி பேஜ் புதுக் குழு ஆரம்பிக்கிறார் என்று தெரிந்து, போய்க் கேள் என்று மனைவி பிடித்துத் தள்ளினார். 1968 ஆகஸ்டில் லண்டனில் நாலு பேரும் முதல் முறையாகச் சேர்ந்து வாசித்தார்கள். அதுதான் லெட் செப்பலின். அப்போது இவருக்கு 22 வயது. ஐந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணம் ஆனபிறகு, மாதச் சம்பாத்தியம் வந்துகொண்டிருந்தபோதுதான் பேண்டில் சேர்ந்தார். உங்கள் மகன் சுவரில் ஒட்டியிருப்பது அதற்கு அப்புறம் வந்த போட்டோ.

இந்த இடத்தில் என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பிறந்தது சிலோனில், அட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். எழுபதுகளில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, கோத்தகிரி பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம். பதினெட்டு வயதில் குன்னூரில் ஒரு லைட் மியூசிக் ட்ரூப்பில் கிட்டார் வாசிக்கப் போனேன். ஏற்கெனவே மூன்று கிட்டார்காரர்கள் இருந்தார்கள். நடத்துகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "உயரமா இருக்கே, கை நீளம், பேஸ் எடு" என்றார். என் இசை வாழ்க்கையை நிர்ணயித்த தேர்வு அவ்வளவுதான்.

பகலில் தூக்கம், சாயங்காலம் ரிகர்சல், இரவில் டீ ஃபேக்டரியில் டிரையர் பக்கம் ஷிஃப்ட். மே மாதம் கோடை விழா சீசன், டிசம்பர் கேரல், தை மாசியில் கல்யாணங்கள். மற்ற நாளெல்லாம் மழை. பேஸ் கம்பி ஒரு செட் வாங்க என் வாரச் சம்பளம் போய்விடும். இந்த மலைக் காற்றில் அது சீக்கிரம் துருப்பிடித்து மொண்ணையாகிவிடும். பழைய கம்பியைக் கழற்றி வெந்நீரில் பத்து நிமிஷம் கொதிக்க வைத்துத் துடைத்தால் அழுக்கு போய், ஒரு கச்சேரிக்காவது சத்தம் திரும்பி வரும். எல்லா ஊர் பேஸ்காரர்களும் செய்வதுதான். நான் எடுத்தது ரசம் வைக்கிற பாத்திரம். கல்யாணமான புதிது. அன்றைக்கு என் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது.

1986-ல் ஒரு வயலின்கார நண்பர் தயவில் சென்னையில் ஒரு ரெக்கார்டிங்குக்கு அழைப்பு வந்தது. நீலகிரி எக்ஸ்பிரஸ்ஸில் உட்கார்ந்தே போனேன், தூக்கமே வரவில்லை. எந்த ஸ்டூடியோ, யார் பாட்டு என்பது வேண்டாம், அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. உள்ளே போனேன், உட்கார்ந்தேன், முன்னால் ஸ்டாண்டில் ஒரு பேப்பர் இருந்தது. ஐந்து கோடு, அதில் எறும்பு மாதிரி புள்ளிகள். அதுவரைக்கும் நான் எல்லாவற்றையும் காதால் கேட்டு வாசித்தவன். கேசட்டில் இரண்டு தடவை கேட்டால் எந்தப் பாட்டானாலும் பிடித்துவிடுவேன், அந்தக் கர்வம் வேறு. "சார், ஒரு தடவை பாடிக் காட்டினா புடிச்சுக்குவேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. நடத்துகிறவர் மரியாதையாக, கொஞ்சம் வெளியே உட்காருங்கள் தம்பி என்றார். அரை மணி நேரத்தில் இன்னொருவர் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தார், பேப்பரை ஒரு தடவை பார்த்தார், வாசித்தார், முடிந்தது. பாட்டு என்ன என்றுகூட அவர் கேட்கவில்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, போக்குவரத்துச் செலவும் கொடுத்து அனுப்பினார்கள். மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ரயிலுக்கு நிற்காமல் பஸ் ஏறிவிட்டேன். தெரிந்தவர் யாராவது ரயிலில் இருந்து, எப்படி நடந்தது என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

ஜோன்ஸ் கதையைப் பல வருஷம் கழித்துப் படித்தபோது எனக்கு உடனே அந்தப் பேப்பர்தான் ஞாபகம் வந்தது. அவருக்குச் சோறு போட்டது அதுதான் தங்கச்சி. அதைப் படிக்கத் தெரிந்தது, எழுதவும் தெரிந்தது.

பேண்டுக்குள்ளேயும் பாருங்கள். 'ஸ்டேர்வே டு ஹெவன்' ஆரம்பத்தில் வருகிற குழல் அவர் வாசித்தது. மாண்டலின் வாசித்தார், ஆர்கன், எலக்ட்ரிக் பியானோ வாசித்தார். 'பிளாக் டாக்' பாட்டில் கிட்டாரும் பேஸும் சேர்ந்து பின்னிப் பின்னிப் போகிற அந்தத் துண்டைக் கொண்டுவந்தவர் அவர். 1975-ல் வந்த 'கஷ்மீர்' பாட்டில் பின்னால் வருகிற வயலின், ஊதுவாத்தியம் எல்லாம் அவர் அரேஞ்ச்மெண்ட். மேடையில் ஆர்கன் வாசிக்கும்போது பேஸுக்கு ஆள் வேண்டுமே? காலால் பெடலை மிதித்து அதையும் அவரே வாசித்தார். இரண்டு கையும் இரண்டு காலும் வேலை செய்யும், ஆனாலும் போட்டோவில் இருட்டில்தான் நிற்பார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் காரணம்.

சுகமாகவே போகவில்லை. 1973-ல் ஓயாத பயணத்தில் சலித்து, வீட்டையும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும் என்று விலகவே பார்த்தார். வின்செஸ்டர் கதீட்ரலில் பாடகர் குழுவை நடத்தப் போகிறார் என்றுகூட ஒரு பேச்சு உலவியது. அது விளையாட்டாகச் சொன்னதாம். மேனேஜர் சமாதானப்படுத்தி நிறுத்தி வைத்தார். 1980 செப்டம்பர் 25-ல் டிரம்மர் ஜான் பான்ஹம் இறந்துபோனார், குடி. 32 வயது. டிசம்பரில் மற்ற மூன்று பேரும், இனி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

ஜோன்ஸுக்கு அப்போது 34. நீங்கள் கேட்ட கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. அவர் திரும்பவும் பழைய பிழைப்புக்கே வந்தார், கூலிக்காரர் மாதிரி இல்லை, மேஸ்திரி மாதிரி. எண்பதுகளின் நடுவில் ஒரு சினிமாவுக்கு இசை அமைத்தார். 1988-ல் தி மிஷன் என்ற குழுவின் ஆல்பத்தைத் தயாரித்துக் கொடுத்தார். 1992-ல் ஆர்.இ.எம். குழுவின் ஆல்பத்துக்கு வயலின் பகுதிகள் எழுதினார், 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' கேட்டுப் பாருங்கள். 1994-ல் டயமண்டா கலாஸ் என்ற பாடகியோடு ஓர் ஆல்பம். அந்த அம்மா பாடினால் எங்கள் தெரு நாய்கள் எழுந்து உட்காரும், ஆனால் ஜோன்ஸ் வாசித்த பேஸ் அதில் அற்புதம். அதே வருஷம் பழைய கூட்டாளிகள் பேஜும் பாடகர் பிளான்டும் இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சேர்ந்து வாசித்தார்கள். அந்த ஆல்பத்துக்கு வைத்த பெயரோ, 'நோ குவார்ட்டர்' என்று, இவருடைய கீபோர்டால் பேர் பெற்ற பாட்டின் பெயர். மறு வருஷம் ஒரு பெரிய விருது மேடையில் மூன்று பேரும் நிற்கும்போது, ஒருவழியாக என் போன் நம்பர் ஞாபகம் வந்ததே, நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். நானும் ட்ரூப்பில் இருந்தவன், அந்த ஒரு வரி எவ்வளவு நாள் மனசில் ஊறியிருக்கும் என்று தெரியும்.

தன் பெயரில் முதல் ஆல்பம் போட்டது 1999-ல், 53 வயதில். 2007-ல் அமெரிக்கக் கிராமத்து இசை வாசிக்கும் பெண்கள் குழு ஒன்றுக்குத் தயாரிப்பாளர். அந்த டிசம்பரில் பழைய பேண்ட் லண்டனில் ஒரே ஒரு ராத்திரி சேர்ந்து வாசித்தது. 2009-ல், தன் பிள்ளை வயதுக்காரர்களோடு தெம் க்ரூக்ட் வல்ச்சர்ஸ் என்று புது பேண்ட். 2011-ல் லண்டன் ராயல் ஆப்ரா ஹவுஸில் ஓர் ஆப்ராவில் மேடையேறி பேஸ் வாசித்தார்.

செப்பலினில் இருந்தது பன்னிரண்டு வருஷம். வாசித்துச் சம்பாதித்தது ஐம்பது வருஷத்துக்கு மேல். உங்கள் மகன் அந்தப் பன்னிரண்டை மட்டும் பார்க்கிறான்.

கொடை ஆல்டோ

கொடைக்கானலில் சர்ச் பாடகர் குழுவுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். நாலுகம்பி அண்ணா எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம். 'ஸ்டேர்வே டு ஹெவன்' ஆரம்பத்தில் வருவது ரெக்கார்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நேராகப் பிடித்து ஊதுவார்களே, அந்த மரக்குழல். ஒன்றின் மேல் ஒன்றாகப் பல தடவை வாசித்துச் சேர்த்தது. நான் இதை விட மாட்டேன், ஏனென்றால் என் பிள்ளைகளை ரெக்கார்டர் எடுக்க வைக்க நான் சொல்லும் ஒரே உதாரணம் அதுதான்.

அவர் ஆர்கனிலிருந்து பேஸுக்கு வந்தவர் என்பதைப் பற்றி ஒன்று சொல்ல ஆசை. ஆர்கன் வாசிப்பவருக்குக் கால்தான் பேஸ். சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஒருவர் பைப் ஆர்கன் வாசிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எல்லோரும் கையைப் பார்த்தார்கள், நான் அவருடைய செருப்பைப் பார்த்தேன். குதிகாலும் விரலுமாக மாறி மாறி, கீழே தனியாக ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஞானப்பாட்டுப் புத்தகத்தில் நாலு குரல் எழுதியிருக்கும் இல்லையா, சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பேஸ்? பதினாலு வயதில் வாராவாரம் அந்த நாலையும் பார்த்துப் பாடவைத்த பையனுக்கு, கீழ்க்குரல் எங்கே போனால் மேலே இருக்கும் மூன்றும் அழகாகும் என்று யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. செப்பலின் பாட்டுகள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, சத்தம் அதிகம். பேஸை மட்டும் தனியாகக் கவனித்தால் அதில் சர்ச் இருக்கிறது.

அம்மா, நம் ஊரிலும் உதாரணம் உண்டு. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் வாசித்த சசிதரன், ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸ். இவர்கள் முகம் எத்தனை பேருக்குத் தெரியும்? வாசித்தது தமிழ்நாட்டில் ஒவ்வொரு டீக்கடையிலும் ஒலித்தது. உங்கள் மகனிடம் ராஜா பாட்டு ஒன்றைப் போட்டு, வரியை விட்டுவிட்டு பேஸை மட்டும் முணுமுணுக்கச் சொல்லுங்கள். அதுவே தனிப் பாட்டாக வரும்.

அண்ணா சென்னையில் வெளியே உட்கார்ந்த கதையைப் படித்தபோது கேரல் கே ஞாபகம் வந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் கிட்டார் வாசித்துப் பிழைத்த பெண்மணி. 1963-ல் ஒரு ரெக்கார்டிங்குக்கு பேஸ் வாசிப்பவர் வரவில்லை. அங்கிருந்த பேஸை இவர் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவரை விட பிசியான பேஸ் பிளேயர் கிடையாது என்று ஆனது. உங்களுக்குப் பதில் ஒருவர் ஹெல்மெட்டோடு வந்தார், அங்கே ஒருவர் வராமல் போனார். ஆனால் இரண்டு இடத்திலும் வாசித்து முடித்தவர், அதற்கு முன்னால் பல வருஷம் ஸ்டூடியோ வேலை தெரிந்தவர்.

நாலுகம்பி, வெலிங்டன்

திருத்தத்துக்கு நன்றி தங்கச்சி. ரெக்கார்டர்தான். எனக்கு ஊதுவதெல்லாம் குழல்.

அந்த ஹெல்மெட்காரர் மேல் எனக்குப் பல வருஷம் கோபம் இருந்தது. இப்போது யோசித்தால் அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று இருக்கிறது.

தேயிலைப்பூ, குன்னூர்

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டேன். வேண்டுமென்றேதான்.

மகன் முதலில், "இதெல்லாம் எனக்குத் தெரியும்மா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, அந்தச் சர்ச் ஆர்கன் விஷயம் தெரியாது என்று ஒப்புக்கொண்டான். நொட்டேஷன் படிக்கத் தெரியுமாடா என்று கேட்டேன். இன்டர்நெட்டில் எந்தக் கட்டத்தில் விரல் வைக்க வேண்டும் என்று நம்பர் போட்டே வருகிறதாம், அதைப் பார்த்து வாசிப்பானாம். ஐந்து கோடு தெரியாது.

வீட்டுக்காரர் பேப்பரைக் கையில் எடுக்காமல், தண்ணீர் குடிக்கிற மாதிரி பக்கத்தில் நின்றே படித்தார். சாக்ஸபோன் இடம் வந்ததும் சிரித்துவிட்டார். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. "அந்தாளு அப்பனும் என்னை மாதிரிதான்" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவருக்குப் பக்கத்தில் மகன் இருந்தான்.

ஆம்புக்குக் கீழே பழைய கம்பளியை மடித்துப் போட்டோம். கீழ்வீட்டு அக்கா, டம்ளர் இப்போது ஆடவில்லை, ஆனால் காதில் ஏதோ கேட்கிறது என்கிறார். அது டிவி என்று நினைக்கிறேன்.

நொட்டேஷன் எங்கே கற்றுக்கொள்வது? இந்த வயதில் வருமா? படிப்பை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

நாலுகம்பி, வெலிங்டன்

நான் கற்றுக்கொண்டது 27 வயதில். சென்னையிலிருந்து திரும்பி ஆறு மாதம் பேஸைத் தொடவில்லை. அப்புறம் இங்கே ராணுவ பேண்டிலிருந்து ரிட்டையர் ஆன ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்தார். பட்டாளத்துக்காரர், தப்பாக வாசித்தால் பென்சிலால் விரலில் தட்டுவார். ஒரு வருஷத்தில் ஓரளவு வந்தது. அதை வைத்துத்தான் பின்னால் ட்ரூப்புகளுக்கு எழுதிக் கொடுத்தேன், சர்ச் பாடகர் குழுக்களுக்கு வாசித்தேன், கைக்கு வாதம் வந்து மேடையை விட்ட பிறகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் பத்து வருஷம் மைக் செட்டும் வாடகைக்கு விட்டேன். சென்னையிலிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை. உங்கள் மகன் என்னைவிட எட்டு வயது முன்னால் இருக்கிறான்.

பேஸுக்கு அந்த ஐந்து கோட்டில் கீழ் ஸ்தாயிக்கான கிளெஃப், அதாவது கோட்டின் தொடக்கத்தில் போடும் குறி, ஒன்றைப் படித்தால் ஆரம்பத்துக்குப் போதும், பாதி வேலை குறைவு. எழுதியிருப்பதை விட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும், அது முதலில் குழப்பும், பழகிவிடும். கூடவே ஒரு சின்ன கீபோர்டு. ஜோன்ஸ் மாதிரி வர வேண்டும் என்றால் கீபோர்டு இல்லாமல் பேச்சே இல்லை. டிரினிட்டி என்ற லண்டன் இசைக் கல்லூரியின் கிரேடு பரீட்சையில் இப்போது பேஸ் கிட்டாருக்கே தனியாக இருக்கிறது, அப்பாவுக்கு சர்டிபிகேட் காட்ட உதவும்.

படிப்பை நிறுத்த வேண்டாம். இன்னும் ஒரு வருஷம்தானே? பெங்களூரு அங்கேயேதான் இருக்கும். கோயம்புத்தூரில் சர்ச்சுகளும் ஆர்க்கெஸ்ட்ராக்களும் பேஸ் வாசிக்க ஆள் தேடுகின்றன. கிட்டாருக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள், பேஸுக்கு ஒருத்தன் கிடைப்பது பாடு. சனி ஞாயிறில் போய் வாசிக்கட்டும். கல்யாணக் கச்சேரியில் மூன்று மணி நேரம் எல்.ஆர்.ஈஸ்வரி பாட்டிலிருந்து அனிருத் வரைக்கும் நிற்காமல் வாசித்துவிட்டு, கடைசிப் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோய் ரசம் சாதம் சாப்பிட்டுப் பார்க்கட்டும். அப்புறமும் பேஸ்தான் என்று சொன்னால் எனக்கு மறு பேச்சில்லை, நானே பெங்களூருக்கு பஸ் ஏற்றி விடுகிறேன்.

லீவு முடிகிற வரைக்கும் சனிக்கிழமை காலையில் என்னிடம் அனுப்புங்கள். வழியைத் தனியாகச் சொல்கிறேன். ஃபீஸ் வேண்டாம், உங்கள் ஃபேக்டரியில் நல்ல ஆர்த்தோடாக்ஸ் தூள் கிடைத்தால் கால் கிலோ போதும். கிட்டாரும் ஆம்பும் முதல் வாரம் தேவையில்லை. ஒரு கோடு போட்ட நோட்டு, 2பி பென்சில், ரப்பர். ரப்பர் பெரியதாக இருக்கட்டும்.

தேயிலைப்பூ, குன்னூர்

சனிக்கிழமை அனுப்புகிறேன் அண்ணா. வீட்டுக்காரரும் கூட வருகிறாராம். கிட்டார் கனம், பையனால் தனியாகப் படியேற முடியாது என்றார். கிட்டாரே வேண்டாம் என்று நீங்கள் எழுதியதை நான் அவருக்கு இன்னும் படித்துக் காட்டவில்லை.